குழந்தையோடு கிறிஸ்டியானியாவுக்கு: ஒரு சுதந்திர ஊரின் அரை நூற்றாண்டு

கோபன்ஹேகன் நகரின் கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன் பகுதி, நான்காம் கிறிஸ்டியான் மன்னர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழியும் மண்கோட்டையுமாக எழுப்பியது. அதன் ஓரத்தில் நெடுங்காலம் இயங்கிவந்த ராணுவ முகாம் ஒன்று 1971இல் காலியாகக் கிடந்தது. பெரிய கூடங்கள், குதிரை லாயங்கள், மரங்கள் அடர்ந்த கோட்டைச் சரிவு, நீர்நிலை எல்லாம் வேலிக்கு உள்ளே இருந்தன. வேலிக்கு வெளியே நெருக்கடியான தெருக்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 4 அன்று அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வேலியின் ஒரு பகுதியை உடைத்து உள்ளே போயின. தங்கள் பிள்ளைகள் விளையாட அவர்களுக்கு இடம் வேண்டியிருந்தது.

அந்த உடைப்பு வழியாகத்தான் மற்றவர்களும் வந்தார்கள். வீடு கிடைக்காத இளைஞர்கள், ஹிப்பிகள், கலைஞர்கள், நாடோடிகள், ஊரோடு ஒத்துப்போகாதவர்கள் எனப் பலரும் புகுந்தார்கள். யாக்கோப் லுட்விக்ஸன் என்ற பத்திரிகையாளர், ராணுவத்தின் தடைசெய்யப்பட்ட நகரத்தைக் குடிமக்கள் கைப்பற்றிவிட்டதாகத் தம் ஏட்டில் எழுதி, எட்டாம் எண் பேருந்தில் ஏறி அங்கே குடிபெயரும்படி வாசகர்களை அழைத்தார். செப்டம்பர் 26 ‘சுதந்திர நகர் கிறிஸ்டியானியா’வின் பிறந்தநாள் ஆயிற்று. இன்று அங்கே ஏறத்தாழ ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கிறிஸ்டியானியாவைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை கஞ்சாவையோ அராஜகவாதத்தையோ அரசுடனான இழுபறியையோ மையமாக வைத்தவை. விளையாட இடம் தேடிய பிள்ளைகள் முதல் பத்தியில் வந்துவிட்டு மறைந்துவிடுவார்கள். ஆனால் கோபன்ஹேகனுக்குச் சிறு பிள்ளைகளோடு போகும் எந்தப் பெற்றோருக்கும் எழும் முதல் கேள்வி, ‘குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போகலாமா?’ என்பதுதான். இது பயண எச்சரிக்கையைச் சேர்ந்த சிறிய கேள்வியாகத் தோன்றும். அந்த ஊரின் ஐம்பதாண்டு வரலாற்றைப் பார்த்தால், அங்கே வாழ்பவர்களும் திரும்பத் திரும்ப இதே கேள்வியோடுதான் மல்லாடியிருக்கிறார்கள் என்பது தெரியும். யாருடைய சுதந்திரத்துக்காக யாருடைய சுதந்திரத்தைக் கட்டுப்படுத்துவது என்ற சிக்கலைக் கிறிஸ்டியானியா தன் குழந்தைகளை முன்னிட்டே பலமுறை அவிழ்க்க வேண்டியிருந்தது.

விளையாட்டு மைதானங்களுக்காகப் போராடிய நகரம்

பிள்ளைகளுக்காக வேலியை உடைக்கும் துணிச்சல் கோபன்ஹேகன்வாசிகளுக்குத் திடீரென்று வந்ததன்று. நிலவடிவமைப்பாளர் கார்ல் தியோடோர் சோரன்சன், தாம் அழகாக அமைத்துக்கொடுத்த மைதானங்களைவிடக் கட்டுமான இடங்களிலும் உடைசல்களின் நடுவிலும் விளையாடவே குழந்தைகள் விரும்புகிறார்கள் என்பதைக் கவனித்தார். பழைய பலகை, செங்கல், சக்கரம் போன்றவற்றைக் குவித்து, பிள்ளைகளே கட்டவும் இடிக்கவும் விடுகிற மைதானம் ஒன்றை 1930களின் தொடக்கத்தில் முன்மொழிந்தார். டென்மார்க் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த 1943இல், கோபன்ஹேகனின் எம்ட்ரூப் பகுதியில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பை ஒட்டி உலகின் முதல் ‘உடைசல் மைதானம்’ திறக்கப்பட்டது. அதன் முதல் பொறுப்பாளர் ஜான் பெர்டெல்சன், கடலோடியாகவும் மழலையர் ஆசிரியராகவும் இருந்தவர். மைதானம் பிள்ளைகளுடையது, பெரியவர் வேலை பொருளும் துணையும் தருவது மட்டுமே என்பது அவர் கொள்கை. போருக்குப் பின் 1946இல் அங்கே வந்த ஆங்கிலேயப் பெண்மணி மார்ஜரி ஆலன், குண்டுவீச்சில் சிதைந்த லண்டனின் வெற்றுமனைகளுக்கு அந்த யோசனையை எடுத்துச் சென்றார்.

இந்த மரபு அரசியலாகவும் மாறியது. நோர்ரெப்ரோ என்ற தொழிலாளர் பகுதியில் மக்கள் தாங்களாகவே அமைத்த ‘பிக்கரன்’ என்ற மைதானத்தை 1980இல் மாநகராட்சி புல்டோசர் கொண்டு அகற்ற வந்தபோது, போலீசாருக்கும் மக்களுக்கும் இடையே பல நாள் மோதல் நடந்தது. ஒரு விளையாட்டு மைதானத்துக்காகத் தெருச்சண்டை போட்ட நகரம் அது. கிறிஸ்டியானியாவின் வேலி உடைப்பை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். காலி நிலம் யாருக்குச் சொந்தம் என்ற சட்டக் கேள்விக்கு முன்னால், அது யாருக்குத் தேவை என்ற கேள்வியை வைக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது.

முகாமைக் காலி செய்விக்க அரசால் முடியவில்லை. 1973இல் கிறிஸ்டியானியாவுக்கு ‘சமூகப் பரிசோதனை’ என்ற தற்காலிகத் தகுதி கிடைத்தது. அதைத் தொடர்ந்து பல பத்தாண்டுகள் வழக்கும் பேச்சுவார்த்தையும் நடந்தன. 1989இல் தனிச் சட்டம் ஒன்று வந்தது. நிலம் அரசுக்கே சொந்தம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு முன்வைத்த விலைப் பேச்சைப் பற்றி முடிவெடுக்க அந்த ஏப்ரலில் ஊர்க்காரர்கள் சில நாள் வாயிலையே மூடிக்கொண்டு விவாதித்தார்கள். கடைசியில் ஓர் அறக்கட்டளையின் பெயரில், 2012 முதல், நிலத்தையும் கட்டடங்களையும் 7 கோடியே 62 லட்சம் குரோனருக்கு வாங்க ஒப்புக்கொண்டார்கள். நிலச் சொத்துரிமையை ஏற்காமல் தொடங்கிய ஊர் நிலம் வாங்க நேர்ந்த முரணை அவர்கள் ஒரு தந்திரத்தால் கடந்தார்கள். நிலம் தனி ஒருவருக்கும் சொந்தமாகாது, அறக்கட்டளைக்கே உரியது. பணம் திரட்ட விற்ற ‘மக்கள் பங்கு’ என்ற தாளுக்கு லாபமும் இல்லை, வாக்குரிமையும் இல்லை.

கார் இல்லாத தெரு

வாயிலைக் கடந்து உள்ளே வரும் குழந்தைக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. ஆனால் அதற்குச் சட்டென்று புரியும் ஒன்று உண்டு. கையைப் பிடித்திருக்கும் பெரியவரின் பிடி தளர்கிறது. ஊருக்குள் கார் கிடையாது. நகரத்தில் ஒரு குழந்தையின் சுதந்திரத்தைக் குறைப்பதில் முதலிடம் காருக்குத்தான். எந்த வயதில் தனியாகத் தெருவுக்குப் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம், பந்து உருண்டால் பின்னால் ஓடலாமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுவே. கிறிஸ்டியானியாவின் பொதுவிதிகள் மிகக் குறைவு. ஆயுதம் கூடாது, வன்முறை கூடாது, கடும் போதைப்பொருள் கூடாது, திருட்டுப் பொருள் கூடாது, மோட்டார் சைக்கிள் கும்பல்களின் சின்னம் பொறித்த உடை கூடாது என்ற அந்தச் சிறு பட்டியலில் தனியார் காருக்கான தடையும் இருக்கிறது.

இந்தத் தடையிலிருந்து பிறந்த பொருள் ஒன்று உலகெங்கும் போயிருக்கிறது. உள்ளே ஒரு கொல்லுப் பட்டறையை நடத்திவந்த லார்ஸ் எங்ஸ்ட்ரோம், 1984இல் தம் துணைவி ஆனி லெர்கவுக்காக மூன்று சக்கர சைக்கிள் ஒன்றைச் செய்தார். முன்னால் இரண்டு சக்கரங்கள், அவற்றின் நடுவே மரப்பெட்டி. கடைச் சாமான்களையும் பிள்ளைகளையும் அதில் ஏற்றிக்கொண்டு மிதிக்கலாம். ‘கிறிஸ்டியானியா சைக்கிள்’ என்ற பெயரோடு அது ஊர் எல்லையைத் தாண்டியது. உற்பத்தி பின்னர் போர்ன்ஹோல்ம் தீவுக்கு மாறியது. இன்று கோபன்ஹேகன் காலை நெரிசலில் மழலையர் பள்ளிக்கு இரண்டு மூன்று பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் பெட்டி சைக்கிள் சாதாரணக் காட்சி. மாற்று வாழ்க்கை முறைகள் வெளியுலகுக்குத் தந்தது என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. கோட்பாடாகப் பரவாத ஒன்று, பிள்ளைகளைச் சுமக்கும் பெட்டியாகப் பரவிவிட்டது.

இதிலும் ஒரு நெருடல் உண்டு. குடியிருப்பவர்களில் பலருக்குக் கார் இருக்கிறது. அவற்றை வெளியே, அண்டைத் தெருக்களில் நிறுத்துகிறார்கள். இது பக்கத்துக் குடியிருப்புவாசிகளுக்கு நாள்பட்ட குறை. உள்ளே இருக்கும் பிள்ளைகளின் தெரு காலியாக இருப்பதன் விலையில் ஒரு பங்கை வெளியே இருக்கும் பிள்ளைகளின் தெரு கொடுக்கிறது. ஒரு நகரத்தின் நடுவே அமையும் மாற்று ஊர் எதுவும் தன் வேலிக்குள் முழுமை அடைய முடியாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. கிறிஸ்டியானியாவுக்குத் தன் மழலையர் இல்லங்கள் உண்டு; பள்ளி வயது வந்ததும் பிள்ளைகள் சுற்றுப்புறத்துப் பள்ளிகளுக்குத்தான் போகிறார்கள். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் மாநகரத்தையே நம்பி, அதற்குப் பணமும் கட்டுகிறார்கள்.

ஓடக் கூடாத தெரு

கார் இல்லாத அந்த ஊரில் ஒரு தெருவுக்கு மட்டும் நெடுங்காலம் தனி விதி இருந்தது. கஞ்சா வெளிப்படையாக விற்கப்பட்ட புஷர் தெருவின் முகப்பில் வைத்த பலகை மூன்று விஷயங்களைச் சொன்னது. மகிழ்ச்சியாக இருங்கள், படம் எடுக்காதீர்கள், ஓடாதீர்கள். கஞ்சாப் பிசினை விற்பதும் வாங்குவதும் டென்மார்க்கில் குற்றம், ஆகவே படம் கூடாது. யாராவது ஓடினால் போலீஸ் வந்துவிட்டது என்று எல்லோரும் கலவரப்படுவார்கள், ஆகவே ஓடக் கூடாது. சிறு பிள்ளைகளோடு வந்த பெற்றோருக்கு அந்தப் பலகையே பதில். விளையாட இடம் வேண்டும் என்று பிறந்த ஊரில், குழந்தை ஓடினால் ஆபத்து என்று சொல்லும் தெரு ஒன்று உருவாகியிருந்தது.

இது எப்படி நேர்ந்தது என்பது கிறிஸ்டியானியாவின் ஆட்சிமுறையோடு பிணைந்தது. அங்கே தலைவர் கிடையாது. ஊர் பதினைந்துக்கு நெருக்கமான சிறு வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. அந்தந்த வட்டாரக் கூட்டமும், தேவைப்பட்டால் எல்லோருக்குமான பொதுக்கூட்டமும் முடிவெடுக்கும். வாக்கெடுப்பு இல்லை, எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேச வேண்டும். அக்கறையுள்ள அண்டைவீட்டார் இருக்கும்வரை இந்த முறை அழகாக இயங்கும். ஆனால் கூட்டத்துக்கே வராத, ஒப்புதலைப் பற்றிக் கவலைப்படாத, பணமும் வன்முறையும் கையிலுள்ள ஒருவனை என்ன செய்வது என்ற கேள்விக்கு அதனிடம் எளிய விடை இல்லை. போலீசை அழைப்பது தங்கள் கொள்கைக்கு விரோதம் என்று நினைத்த ஊரில் அந்த இடைவெளியை முதலில் ஹெராயின் நிரப்பியது, பிறகு கும்பல்கள் நிரப்பின.

ஹெராயின் விஷயத்தில் ஊர் தானே எழுந்தது. 1978 இலையுதிர் காலத்திலிருந்து ஓராண்டுக்குள் பத்துப் பேர் போதை மிகுந்து இறந்தார்கள். முதலில் போலீசின் உதவியை நாடினார்கள். கொடுத்த தகவலை வைத்து வந்த போலீஸ் கஞ்சா வியாபாரத்தின் மேல் பாய்ந்தபோது, நம்பிக்கை இன்னும் குறைந்தது. 1979இல் ஆண்களும் பெண்களுமாக நாற்பது நாள் இரவு பகலாகக் காவல் நின்று, ஹெராயின் விற்றவர்களை வெளியேற்றினார்கள். அடிமையானவர்களிடம் சிகிச்சைக்கு வா, இல்லாவிட்டால் ஊரைவிட்டுப் போ என்றார்கள். கடும் போதைப்பொருளுக்கான தடை அப்போது வந்ததுதான். 1980களில் ‘புல்ஷிட்’ என்ற மோட்டார் சைக்கிள் கும்பல் கஞ்சா வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டது. 1987இல் ஒரு கட்டடத் தளத்துக்கு அடியில் மனித உடல் கண்டெடுக்கப்பட்ட பிறகு கும்பல் சின்னங்களுக்கும் தடை வந்தது.

குழந்தைகள் இந்தக் கொந்தளிப்புக்கு வெளியே இருக்கவில்லை. 1970களில் வீட்டைவிட்டும் காப்பகங்களைவிட்டும் ஓடிவந்த பிள்ளைகள் கிறிஸ்டியானியாவில் அடைக்கலம் தேடினார்கள். அவர்களுக்குப் பெரியவர்களின் அதிகாரத்திலிருந்து விடுதலை வேண்டும் என்று வாதாடிய இயக்கமும் அப்போது இருந்தது. காப்பகங்களின் கொடுமையிலிருந்து தப்பிய சில பிள்ளைகளுக்கு அது நிஜமான புகலிடம். அதே சமயம், யாரும் யாருக்கும் பொறுப்பில்லாத சூழலில் ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ கிடைக்கும் விடுதலை, அவர்களைச் சுரண்ட நினைப்பவர்களுக்கும் விடுதலையாகிவிடும். எம்ட்ரூப் மைதானத்தில் கட்டவும் இடிக்கவும் பிள்ளைகளுக்கு உரிமை இருந்தது. அருகே பெர்டெல்சனும் இருந்தார். சுதந்திரத்துக்கும் கைவிடுதலுக்கும் உள்ள தொலைவு அந்த ஒரு மனிதரின் இருப்புதான். கிறிஸ்டியானியாவின் தொடக்க ஆண்டுகள் இந்தத் தொலைவைச் சரியாக அளக்கவில்லை.

கற்களைப் பெயர்த்த நாள்

கஞ்சாவைப் பொறுத்தவரை ஊர் நெடுநாள் இரண்டு மனதாக இருந்தது. அதைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்பது பலருடைய உறுதியான கருத்து. அதை விற்ற தெரு மட்டும் அவர்கள் கையில் இல்லை. 2004இல் போலீஸ் நடவடிக்கைக்கு முன்பாக விற்பனைக் கடைகளை ஊர்க்காரர்களே இடித்தார்கள். ஒரு கடை தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. வியாபாரம் திரும்பி வந்தது. 2016இல் போலீசார் இருவரும் பொதுமக்களில் ஒருவரும் சுடப்பட்டதும் ஊர் மறுபடி கடைகளைப் பிடுங்கிப் போட்டது. மறுபடி வந்தன. 2023 ஆகஸ்டில் தெருவின் நுழைவுகளை ஊர்க்காரர்கள் ஒருநாள் அடைத்துவைத்தார்கள். அதே மாதத்தில் அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார், நால்வர் காயமடைந்தார்கள்.

அதன் பிறகுதான் கடைகளை இடித்துப் பயனில்லை, தெருவையே இல்லாமல் ஆக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். 2024 ஏப்ரல் 6 அன்று புஷர் தெருவின் பாவு கற்களைப் பெயர்த்தெடுத்தார்கள். முதல் கல்லைக் கிளப்பியவர்களில் கிறிஸ்டியானியாவின் குழந்தைகளும் இருந்தார்கள். நகர மேயரும் நீதி அமைச்சரும் வந்திருந்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு கல்லை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று அறிவிக்கப்பட்டது. அந்தப் பகுதியைச் சீரமைக்க அரசு 1 கோடியே 43 லட்சம் குரோனர் ஒதுக்கியது.

இதில் அரசின் வெற்றியை மட்டும் காண்பவர்களும் உண்டு. கிறிஸ்டியானியாவின் தோல்வியை மட்டும் காண்பவர்களும் உண்டு. நடந்ததைப் பார்த்தால், போலீசைச் சேர்க்காமலேயே எதையும் சரிசெய்துவிடலாம் என்ற பழைய உறுதியை ஊர் விட்டுக்கொடுத்திருக்கிறது. ஈடாகப் பெற்றது, தன் பிள்ளைகள் நடக்கத் தகுந்த தெரு. 1971இல் ராணுவத்தின் வேலி தடுத்தது. 2024இல் தங்கள் மௌனத்தால் வளர்ந்த சந்தை தடுத்தது. இரண்டாவதை உடைப்பது கடினமாக இருந்ததற்குக் காரணம், அதில் தங்கள் பங்கும் இருந்ததுதான்.

விருந்தாளிக் குடும்பத்தின் பொறுப்பு

இன்று சிறு பிள்ளைகளோடு போகலாமா என்றால், பகல் வெளிச்சத்தில் தாராளமாகப் போகலாம். கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன் மெட்ரோ நிலையத்திலிருந்து நடை தூரம். வாயிலுக்கு அருகிலேயே நின்றுவிடாமல், பழைய கோட்டைச் சரிவை ஒட்டிய மண்பாதைகளில் நீர்நிலையைச் சுற்றிப் போவதே பிள்ளைகளுக்கு ஏற்றது. கையால் கட்டிய வீடுகள் அந்தப் பக்கம்தான் அதிகம். பழைய ஜன்னல்களைப் பொருத்தி எழுப்பிய கண்ணாடி வீடு, கப்பலைப் போலவும் வாழைப்பழத்தைப் போலவும் வளைந்த வீடுகள் எல்லாம், சோரன்சனின் உடைசல் மைதானத்தில் விளையாடியவர்கள் வளர்ந்த பிறகும் நிறுத்தவில்லையோ என்று நினைக்கவைக்கும். கல் பாவிய இடங்களில் தள்ளுவண்டி இழுபறியாகும். நீரோரத்தில் பெரும்பாலும் கைப்பிடிச் சுவர் கிடையாது. நாய்கள் கயிறில்லாமல் திரியும். கஞ்சா வாடை எங்காவது வரும். ‘அது என்ன வாடை?’ என்று பிள்ளை கேட்கும். வயதுக்குத் தகுந்த நேர்மையான பதிலைப் பெற்றோர் கைவசம் வைத்திருப்பது நல்லது.

ஆபத்தைப் பற்றிய கவலைக்கு நிகராக மரியாதையைப் பற்றிய கவலையும் வேண்டும். கிறிஸ்டியானியா கேளிக்கைப் பூங்காவாக இயங்கவில்லை; மக்கள் துணி காயப்போடும் முற்றத்தின் வழியாகத்தான் பார்வையாளர் நடக்கிறார். அங்கே வளரும் பிள்ளைகள் நாள் முழுதும் அந்நியர்களின் கேமராவுக்கு முன்னால் விளையாட வேண்டியிருக்கிறது. தெருவில் கார் இல்லாததால் கிடைத்த சுதந்திரத்தில் ஒரு பகுதியை இந்தக் கண்கள் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. தன் குழந்தையை அந்நியர் படமெடுத்தால் சினம் கொள்ளும் பெற்றோர், அங்கே ஊஞ்சலாடும் குழந்தையைப் படமெடுக்காமல் இருப்பதுதான் முறை. ஊர்க்காரர்களே நடத்தும் வழிகாட்டி நடைகளில் சேர்ந்துகொள்வது ஜன்னல் வழியே எட்டிப்பார்ப்பதைவிட நல்லது.

வளர்ந்த பிள்ளைகள் எங்கே வாழ்வார்கள்?

வீட்டின் மேல் தனியுரிமை இல்லாத ஊர் என்பதால் கிறிஸ்டியானியாவில் வீட்டை விற்க முடியாது. பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவும் முடியாது. வசிக்கும் பெரியவர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் பொதுநிதிக்குப் பணம் கட்டுகிறார்கள். ஒரு வீடு காலியானால் அந்த வட்டாரத்தார் கூடி, விண்ணப்பித்தவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கோபன்ஹேகனின் வீட்டு விலை ஏறியபோது உள்ளே இருந்தவர்களை இந்த விதி காப்பாற்றியது. ஆனால் அரசுடனான உடன்பாடுகள் புதிய வீடு கட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தின. முதல் தலைமுறை தங்கள் வீடுகளிலேயே முதுமை எய்தியது. அங்கேயே பிறந்து வளர்ந்து, இளைஞர்களாகித் தங்களுக்கென ஓர் இடம் தேடியவர்களுக்குக் காலி வீடுகள் அரிதாயின. பலர் வெளியே போக வேண்டிவந்தது.

நிலத்தின் எஞ்சிய பகுதிகளைப் பற்றிய அரசுடனான அண்மைய ஒப்பந்தத்தின்படி, 15,000 சதுர மீட்டர் பரப்பில் கட்டுப்படியாகும் வாடகை வீடுகள் கட்டப்பட வேண்டும். ஊரில் இதைப் பற்றி இரு கருத்துகள் உண்டு. புதியவர்கள் பொதுக்கூட்டத்தின் கலாசாரம் தெரியாமல் வருவார்கள், ஊர் சாதாரண நகர்ப்புறக் குடியிருப்பாகிவிடும் என்பது அச்சம். இளம் குடும்பங்கள் வராவிட்டால் முதியவர்களும் சுற்றுலாப் பயணிகளும் மட்டுமே மிஞ்சிய காட்சிக்கூடமாகிவிடும் என்பது எதிர்வாதம். இரண்டாவதே வலுவானது. கிறிஸ்டியானியாவின் ஒவ்வொரு நல்ல விதியும், காருக்கான தடையிலிருந்து ஹெராயினுக்கான தடை வரை, அங்கே பிள்ளைகளை வளர்க்க வேண்டியவர்கள் இருந்ததால் நிலைத்தது. கூட்டத்தில் இரவு வெகுநேரம் உட்கார்ந்து விவாதிக்கும் பொறுமை, மறுநாள் காலை தன் பிள்ளை அந்தத் தெருவில் நடக்கப்போகிறது என்று தெரிந்தவருக்கே அதிகம். அந்தப் பெற்றோர் குறைந்துபோனால், கும்பலோ நில வணிகமோ மறுபடி நுழைய வேலியை உடைக்கக்கூட வேண்டியதில்லை. புதிய வீடுகளில் எத்தனை, சிறு பிள்ளைகள் உள்ள எளிய குடும்பங்களுக்குக் கிடைக்கின்றன என்பதை வைத்துத்தான் அடுத்த அரை நூற்றாண்டுக் கிறிஸ்டியானியாவை மதிப்பிட வேண்டியிருக்கும்.